பள்ளிக்கூடம் போகும் பிள்ளை: உடம்பு, படிப்பு, மனசு பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொடக்க வகுப்புகளில் பல வருடம் பாடம் எடுத்தவள் நான். பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, கதவோரம் தயங்கி நின்று ஒருவர் கேட்பார் பாருங்கள், அந்தக் கேள்விகளைத்தான் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து வயதிலிருந்து பதினாறு, பதினேழு வயது வரைக்கும் பொருந்தும். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் போயே ஆகவேண்டிய இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

பையன் நன்றாகத்தான் இருக்கிறான், படிப்பில் மட்டும் சோம்பல். என்ன செய்வது?

'சோம்பல்' என்ற சொல்லைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வையுங்கள். அந்தச் சொல்லை அவசரப்பட்டுப் பயன்படுத்தி ஒரு பிள்ளைக்கு நான் பெரிய தப்பு செய்திருக்கிறேன்.

மூன்றாம் வகுப்புப் பையன். பலகையில் எழுதிப்போடுவதைப் பார்த்து எழுத மாட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் நோட்டை எட்டிப் பார்த்தே எழுதுவான். அவன் நோட்டில் 'ண' வரவேண்டிய இடமெல்லாம் 'ன' இருக்கும். மாதக்கணக்கில் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டே இருந்தேன். 'அடுத்தவனைப் பார்த்து எழுதாதே' என்று கடைசி பெஞ்சுக்கு மாற்றினேன். அதோடு எழுதுவதையே விட்டுவிட்டான். ஒரு நாள் எழுப்பி, பலகையில் இருந்த ஒரே ஒரு சொல்லை வாசிக்கச் சொன்னேன். கண்ணைச் சுருக்கினான். தலையைச் சாய்த்தான். ஆள்காட்டி விரலால் கண் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த முதல் நாள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவன், "டீச்சர், நீங்க இதுல மூணு சுழி போட்டிருக்கீங்க" என்றான். அவனுக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு யாரைப் பற்றி 'படிக்க மாட்டேங்கிறான்' என்று வந்தாலும் ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, தூக்கம் போதுமா, ரத்தம் குறைவா, வயிறு நிறைந்திருக்கிறதா, கழிப்பறைக்குப் போகிறானா, யாரையாவது பார்த்துப் பயப்படுகிறானா. இத்தனையும் பார்த்து முடித்தால் சோம்பல் என்று சொல்ல மிச்சம் இருப்பது ரொம்பக் குறைவு. கீழே இருக்கும் கேள்விகளும் ஏறத்தாழ அந்த வரிசையில்தான் வருகின்றன.

கண் சரியில்லை என்றால் பிள்ளையே சொல்லாதா?

சொல்லாது. ஆரம்பத்திலிருந்தே மங்கலாகப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு அது மங்கல் என்றே தெரியாது. எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் தெரியும்போல என்று இருந்துவிடும். ஒரு கண் மட்டும் மங்கல் என்றால் இன்னும் மோசம். நல்ல கண் வேலையைச் செய்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அதற்குள் மூளை அந்த மங்கலான கண்ணைக் கண்டுகொள்ளாமல் விட ஆரம்பித்துவிடும். இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறார்கள். நல்ல கண்ணைக் கொஞ்ச நேரம் மூடிவைத்து மற்ற கண்ணுக்கு வேலை கொடுப்பது இதற்கு ஒரு வைத்தியம்; ஏழு வயதுக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். ஆகவே பள்ளியில் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு தடவை, அப்புறம் வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ ஒரு தடவை கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளை வளரும்போது கண் விழியும் நீள்வதால் பவர் ஏறுகிறது, கண்ணாடியால் இல்லை. கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போட நிச்சயமாக உதவுவது வெளியில் வெளிச்சத்தில் இருப்பது. தினமும் இரண்டு மணி நேரம் என்பது நல்ல அளவு. புத்தகமோ போனோ கண்ணிலிருந்து 30 செ.மீ. தள்ளியாவது இருக்கட்டும்.

கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. திமிரா?

காதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். சளி பிடித்த பிறகு சில பிள்ளைகளுக்கு காதுச் சவ்வுக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோல எல்லாம் கேட்கும். டிவி சத்தத்தைக் கூட்டுவது, 'என்ன, என்ன' என்று திரும்பத் திரும்பக் கேட்பது, சொல்வதெழுதுதலில் மட்டும் மோசமாக எழுதுவது எல்லாம் அறிகுறிகள். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாகச் சரியாகும். சரியாகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். அதுவரை டீச்சரிடம் சொல்லி முன் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள்.

எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும்?

6 முதல் 12 வயது வரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரம். 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் சொன்ன அளவு இது. காலை ஆறு மணிக்கு எழ வேண்டிய எட்டு வயதுப் பிள்ளை ஒன்பதுக்காவது தூங்கியிருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் பல வீடுகளில் தினம் ஒரு மணி நேரம் துண்டு விழும்.

தூக்கம் குறைந்த பெரியவர் கொட்டாவி விடுவார். சின்னப் பிள்ளை அப்படி இல்லை. ஓடும், கத்தும், சின்ன விஷயத்துக்கு அழும், ஒரு இடத்தில் உட்காராது. அதைப் பார்த்து 'சக்தி அதிகம்' என்று நினைத்துக்கொள்கிறோம். இரண்டு வாரம் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்க வைத்துப் பாருங்கள். சில பிள்ளைகள் ஆளே மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நேரத்துக்குப் படுத்தும் களைப்பு போகவில்லை, ராத்திரி குறட்டை விடுகிறது, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருந்தாலோ டான்சில் பெரிதாக இருந்தாலோ மூச்சு தடைபட்டு தூக்கம் கெடும்.

பதின்ம வயதில் கதை வேறு. அந்த வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு ராத்திரியில் தாமதமாகத்தான் ஆரம்பிக்கிறது. பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று பதினைந்து வயதுப் பெண் சொன்னால் அது பொய் இல்லை. ஆனால் அதன்மேல் போன் வெளிச்சமும் சேர்ந்தால் ஒரு மணி ஆகிவிடும். படுக்கப் போகும் முன் ஒரு மணி நேரம் திரை வேண்டாம், போன் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும். இந்தச் சட்டம் அப்பா அம்மாவுக்கும் சேர்த்து இருந்தால்தான் நிற்கும்.

எப்பவும் களைப்பு, முகம் வெளுத்திருக்கிறது, சாக்பீஸ் தின்கிறாள். இது கெட்ட பழக்கமா?

அடித்துத் திருத்த வேண்டிய பழக்கம் இல்லை. சாக்பீஸ், மண், ஐஸ் கட்டி தின்ன ஆசைப்படுவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். இரும்புச்சத்து குறைந்தால் ரத்தம் குறைவது மட்டுமில்லை, கவனமும் நினைவும் தளரும். பாடம் மண்டையில் ஏறாததற்குப் பின்னால் எத்தனையோ தடவை இதுதான் இருந்திருக்கிறது. மாதவிடாய் ஆரம்பித்த பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

ரத்தப் பரிசோதனை செய்து டாக்டர் சொன்ன அளவுக்கு மருந்து கொடுங்கள். நீங்களாக டானிக் வாங்கிக் கொடுக்க வேண்டாம். இரும்பு மாத்திரையை வீட்டில் இருக்கும் குட்டிப் பிள்ளை மிட்டாய் என்று எடுத்து நிறைய விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து, உயரத்தில் பூட்டி வையுங்கள். சாப்பாட்டில் கீரை, பயறு, இறைச்சி சேருங்கள். கூடவே எலுமிச்சையோ ஆரஞ்சோ மாதிரி வைட்டமின் சி உள்ளது ஏதாவது இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிடும்போதே டீ குடித்தால் சரியாகச் சேராது.

குடல் புழுவும் இதற்கு ஒரு காரணம். புழுத்தொல்லை பரவலாக உள்ள இடங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை புழு மாத்திரை கொடுக்க உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அல்பெண்டசோல் என்றால் 400 மில்லிகிராம், ஒரே வேளை. பள்ளியில் கொடுக்கும்போது 'எங்கள் வீட்டில் சுத்தம்தான்' என்று மறுக்காதீர்கள்.

சாப்பிட வைப்பதே போராட்டம். காலையில் ஒன்றுமே வேண்டாம் என்கிறான்.

என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பது உங்கள் கையில். எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். இந்த ஒரு எல்லையைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சண்டை ஓயும். காலையில் பசிக்கவில்லை என்றால் எழுந்த உடனே ஊட்டப் பார்க்கிறீர்களா என்று கவனியுங்கள். அரை மணி முன்னதாக எழுந்தால் பசி வர நேரம் இருக்கும். கொஞ்சமாகக் கொடுத்து, இடைவேளைக்கு ஏதாவது கட்டிக்கொடுத்தாலும் போதும்.

ஒல்லியாக இருக்கிறாள். குண்டாகிக்கொண்டே போகிறான். எது சரியான அளவு?

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், அதே பிள்ளையின் போன வருட அளவோடு ஒப்பிடுங்கள். நாலு வயதிலிருந்து பருவம் எட்டும்வரை ஒரு பிள்ளை வருடத்துக்குச் சுமார் 5 முதல் 6 செ.மீ. வளரும். 4 செ.மீ.க்கும் கீழே போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். டாக்டருக்கு அதுவே பெரிய உதவி.

எடையைப் பற்றிப் பிள்ளையின் காதுபட ஒரு சொல்கூட வேண்டாம். கேலி வேண்டவே வேண்டாம். கேலி செய்து யாரும் இளைத்ததில்லை. ஒளித்துவைத்துத் தின்னத்தான் பழகுவார்கள். சாப்பாட்டையும் விளையாட்டையும் வீடு முழுவதற்கும் சேர்த்து மாற்றுங்கள். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல் சொல்கிறது. விளையாட்டு பீரியடில் கணக்கு எடுக்கும் பள்ளி உங்களுடையது என்றால், பெற்றோர் நாலு பேர் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

பள்ளியில் கழிப்பறைக்கே போவதில்லை என்கிறாள். பெரிய விஷயமா?

ரொம்பப் பெரிய விஷயம். ஆனால் இதை யாரும் கேட்பதில்லை. கழிப்பறையில் நாற்றம், தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, பெரிய பிள்ளைகள் வெளியே நின்று கதவைத் தட்டுகிறார்கள், அனுமதி கேட்டால் டீச்சர் முறைக்கிறார். பிள்ளை என்ன செய்யும்? அடக்கும். அடக்க வேண்டும் என்பதால் தண்ணீர் குடிப்பதை நிறுத்தும். காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறதா பாருங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கழிப்பறைக்கு ஓடுகிறதா பாருங்கள். இந்த இரண்டும் இருந்தால் விஷயம் இதுதான்.

தண்ணீர் குறைந்தால் தலைவலி, மத்தியானத்துக்குமேல் கவனம் சிதறல். சிறுநீரை அடக்கினால் எரிச்சல், தொற்று. மலத்தை அடக்கினால் அது குடலில் இறுகி, அடுத்த முறை வலிக்கும். வலிக்குமே என்று இன்னும் அடக்கும். நாளாக ஆக இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு நீர்த்த மலம் தன்னையறியாமல் உள்ளாடையில் கசியும். 'இவ்வளவு பெரிய பிள்ளை இப்படிச் செய்யலாமா' என்று அவமானப்படுத்துவார்கள். அந்தப் பிள்ளைக்குக் கசிவது தெரியவே தெரியாது. இதற்கு மருந்து இருக்கிறது, மாதக்கணக்கில் பொறுமையாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது: காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் அவசரமில்லாமல் கழிப்பறையில் உட்கார நேரம். மேற்கத்திய கழிப்பறை என்றால் கால் தொங்காமல் ஒரு முக்காலி. பள்ளியில் செய்ய வேண்டியது: டீச்சரிடம் நேரே போய், 'என் பிள்ளை கேட்கும்போது விடுங்கள்' என்று சொல்வது. கதவுக்குத் தாழ்ப்பாள் போடச் சொல்லிக் கேட்பது சின்ன விஷயம் இல்லை. மாதவிடாய் வந்த பெண் பிள்ளைகள் அந்த நாட்களில் லீவு போடுவதற்குப் பாதிக் காரணம் அந்தத் தாழ்ப்பாள்தான்.

ஏழு வயதாகியும் படுக்கையை நனைக்கிறான்.

7 வயதில் நூற்றுக்கு 5 முதல் 10 பிள்ளைகளுக்கு இது இருக்கிறது. அந்த வகுப்பிலேயே இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள் என்று அவனுக்குச் சொல்லுங்கள். ஆழ்ந்து தூங்கும்போது நடப்பது, தண்டிக்க ஒன்றுமில்லை. வளர வளர நின்றுவிடும். மலச்சிக்கல் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். பல மாதம் நனைக்காமல் இருந்துவிட்டுத் திடீரென்று மறுபடி ஆரம்பித்தால் கவனிக்க வேண்டும். அதோடு அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைதல் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்ச் சர்க்கரை பாருங்கள்.

விழப்போகிற பல்லுக்கு எதற்கு வைத்தியம்?

பாற்பல் சொத்தையானாலும் வலிக்கும், சீழ் பிடிக்கும், அடுத்த பல்லுக்கான இடம் கெடும். அதைவிட முக்கியமான ஒன்று: ஆறு வயது வாக்கில் கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். முன்னால் எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பாற்பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். ஃபுளூரைடு உள்ள பற்பசை, பட்டாணி அளவு, இரண்டு வேளை; ஏழெட்டு வயது வரை ராத்திரி மட்டுமாவது நீங்கள் தேய்த்துவிடுங்கள்.

விளையாடும்போது நிரந்தரப் பல் வேரோடு விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேல்பக்கத்தைப் பிடித்து எடுங்கள். அழுக்காக இருந்தால் லேசாக அலசி, பாலில் போட்டு, அரை மணிக்குள் பல் டாக்டரிடம் ஓடுங்கள். திரும்ப வைத்துவிட வாய்ப்பு உண்டு.

தடுப்பூசி எல்லாம் குழந்தையிலேயே போட்டாயிற்றே?

அதோடு முடியவில்லை. டெட்டனஸ், தொண்டை அடைப்பான் தடுப்பூசி 4 முதல் 7 வயதுக்குள் ஒன்று, 9 முதல் 15 வயதுக்குள் ஒன்று போட வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் எச்.பி.வி. என்ற வைரஸுக்கான தடுப்பூசி, கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்க. பல நாடுகளில் ஆண் பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள். சின்ன வயதில் போடுவதற்குக் காரணம் அந்த வைரஸைச் சந்திப்பதற்கு முன்னாலேயே பாதுகாப்பு வரவேண்டும் என்பதுதான், வேறொன்றுமில்லை.

பேன் வந்துவிட்டது. காய்ச்சல் விட்டது. பள்ளிக்கு அனுப்பலாமா?

பேன் அழுக்கால் வருவதில்லை. தலையோடு தலை சேர்த்துப் பேசினாலே ஏறும். ஈரத்தலையில் பேன்சீப்பு போட்டு இரண்டு வாரம் விடாமல் வாருங்கள், பள்ளிக்கு அனுப்பலாம். காய்ச்சல் என்றால், மருந்து கொடுக்காமலேயே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு அனுப்புங்கள். காலையில் மாத்திரை கொடுத்து அனுப்பினால் பதினோரு மணிக்கு மேசையில் தலை சாய்த்துவிடும். நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு படித்தாலும் மறந்துவிடுகிறது.

எப்படிப் படிக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். வாசிக்க வாசிக்க எழுத்து பழகிவிடும், தெரிந்ததுபோல இருக்கும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலர் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் வாசித்துவிட்டு, மூடிவைத்து, ஞாபகம் இருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள்.

வீட்டில் இதைச் செய்வது சுலபம். பாடத்தை ஒரு தடவை வாசிக்கட்டும். புத்தகத்தை மூடி, 'இதில் என்ன இருந்தது, எனக்குச் சொல்லு' என்று கேளுங்கள். உங்களுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. திக்கும் இடத்தில் புத்தகத்தைத் திறந்து அந்தப் பகுதியை மட்டும் பார்க்கட்டும். அப்புறம் இரண்டு நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை. ஒரே ராத்திரியில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, அதையே பல நாளாகப் பிரித்தால் நிற்கும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே வைத்துச் சோதித்து 1885இல் எழுதிவைத்த விஷயம் இது. நாம்தான் இன்னும் பரீட்சைக்கு முந்தின ராத்திரியை நம்பிக்கொண்டிருக்கிறோம்.

வீட்டுப்பாடத்துக்கு நான் கூட உட்கார வேண்டுமா?

சின்ன வகுப்பில் பக்கத்தில் இருங்கள், பென்சிலை மட்டும் வாங்காதீர்கள். தப்பும் தவறுமாக வந்த நோட்டைப் பார்த்தால்தான் பிள்ளைக்கு என்ன புரியவில்லை என்று டீச்சருக்குத் தெரியும். அம்மா திருத்தி அனுப்பிய நோட்டிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியாது. பெரிய வகுப்பில் ஒரே நேரம், ஒரே இடம், சத்தமில்லாத வீடு, இவ்வளவு போதும்.

எழுத்தைத் திருப்பிப் போடுகிறாள். வாசிக்க ரொம்பத் திணறுகிறாள்.

ஆறு, ஏழு வயது வரை எழுத்து திரும்புவது சாதாரணம். அதற்குப் பிறகும் எழுத்துக்கூட்டவே திணறுகிறாள், பேசச் சொன்னால் அழகாகப் பேசுகிறாள், எழுதச் சொன்னால் இரண்டு வரிக்கு மேல் வரவில்லை என்றால் டிஸ்லெக்ஸியாவா என்று பரிசோதிக்க வேண்டும். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் மூளைக்கு இருக்கும் சிரமம். 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று காத்திருப்பதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு. முறையாகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவரிடம் சீக்கிரம் ஆரம்பித்தால் நன்றாக முன்னேறுவார்கள். பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கவும் வழி உண்டு.

ஒரு இடத்தில் உட்காராத பிள்ளையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் நிற்காத, அளவுக்கு மீறித் துறுதுறுக்கும் நிலை என்று சொல்ல, அந்தக் குணங்கள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்க வேண்டும். ஒரு டீச்சர் வகுப்பில் மட்டும் துள்ளுகிறான் என்றால் அந்த வகுப்பைப் பார்க்க வேண்டும். கனவு கண்டுகொண்டு ஜன்னலோரம் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைக்கும் இது இருக்கலாம். தொல்லை கொடுக்காததால் அவள் யார் கண்ணிலும் படுவதில்லை.

நல்ல மார்க் வாங்கினால் 'நீ புத்திசாலி' என்று பாராட்டலாமா?

செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். முல்லர், டுவெக் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை 'புத்திசாலி' என்றும் சிலரை 'நன்றாக முயன்றாய்' என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்கள் வந்து தோற்றதும், புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்கள் சீக்கிரம் தளர்ந்தார்கள். 'அந்தக் கணக்கை வேறு வழியில் போட்டுப் பார்த்தாயே' என்று குறிப்பாகச் சொன்னால், நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரியும்.

ஒரு அடி கொடுத்தால்தானே பயம் இருக்கும்?

பயம் இருக்கும், படிப்பு இருக்காது. பயந்த மனசில் புதிதாக ஒன்றும் ஏறாது. டீச்சரின் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். 1979இல் ஸ்வீடன் பிள்ளைகளை அடிப்பதை வீடு உட்பட எல்லா இடத்திலும் சட்டப்படி தடுத்தது; உலகில் அதுதான் முதல் நாடு. அதற்குப் பின் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அந்த வழியில் வந்திருக்கின்றன. அடிக்கிறவரிடம் பிள்ளை தன் தப்பையும் பயத்தையும் சொல்லாது. அடுத்த கேள்விக்கு வரும்போது அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று தெரியும்.

தினமும் காலையில் வயிற்று வலி. லீவு நாளில் இல்லை. நடிப்பா?

வலி நிஜம். பயந்தால் வயிறு இறுகும், பெரியவர்களுக்கும் அப்படித்தானே? முதலில் டாக்டரிடம் காட்டி உடம்பில் ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ராத்திரித் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, வாந்தி, எடை குறைவு இருந்தால் பயம் என்று தள்ளிவிடக் கூடாது.

அப்புறம் விசாரியுங்கள், ஆனால் போலீஸ் மாதிரி வேண்டாம். 'யாராவது அடிக்கிறார்களா' என்று நேராகக் கேட்டால் 'இல்லை' என்று வரும். கூட நடக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, முகத்துக்கு முகம் பார்க்காத நேரத்தில் கேளுங்கள். 'இடைவேளையில் எங்கே உட்காருவாய்?' 'பஸ்ஸில் பக்கத்தில் யார்?' 'எந்த பீரியட் ரொம்ப நேரம் போகாத மாதிரி இருக்கும்?' பதிலைவிட, எந்தக் கேள்விக்கு வாய் மூடிக்கொள்கிறது என்று கவனியுங்கள்.

யாரோ கேலி செய்கிறார்கள், மிரட்டுகிறார்கள் என்று தெரிந்தால், 'நீயும் திருப்பி அடி' என்றும் சொல்லாதீர்கள், 'கண்டுகொள்ளாதே' என்றும் சொல்லாதீர்கள். இரண்டுமே பிள்ளையைத் தனியாக விடுவதுதான். தேதி, இடம், நடந்தது எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, பள்ளியில் போய்ப் பேசுங்கள். என்ன செய்யப்போகிறார்கள், எப்போது சொல்வார்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். பெரியவர் யாராவது தொட்டார், மிரட்டினார் என்றால் பிள்ளை சொல்வதை நம்புங்கள், 'சொன்னது நல்லது, தப்பு உன்மேல் இல்லை' என்று சொல்லுங்கள், அன்றே புகார் செய்யுங்கள்.

பயம் மட்டும்தான் காரணம் என்றால் நீண்ட லீவு மருந்தாகாது. எத்தனை நாள் போகவில்லையோ அத்தனைக்குப் பயம் பெரிதாகும். ஒரு மணி நேரம், அரை நாள் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போக டீச்சரோடு சேர்ந்து ஏற்பாடு செய்யுங்கள்.

பருவ மாற்றத்தைப் பற்றி எப்போது பேசுவது?

வருவதற்கு முன்னால். முதல் மாதவிடாய் அன்றைக்குப் பள்ளிக் கழிப்பறையில் ரத்தத்தைப் பார்த்து, தனக்கு ஏதோ நோய் என்று நடுங்கி நின்ற பிள்ளையை நான் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எட்டு, ஒன்பது வயதிலேயே சாதாரணமாகச் சொல்லிவைத்தால் அந்த நடுக்கம் வேண்டியதில்லை. பையன்களிடமும் அவர்கள் உடம்பைப் பற்றியும் பெண் பிள்ளைகளின் உடம்பைப் பற்றியும் பேசுங்கள். பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்போ, பையனுக்கு 9 வயதுக்கு முன்போ மாற்றம் ஆரம்பித்தாலும், 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டாலும் டாக்டரைப் பாருங்கள்.

'செத்துப்போயிடலாம்போல இருக்கு' என்று சொன்னாள். கவனிக்காத மாதிரி விட்டுவிடலாமா?

விடாதீர்கள். உட்கார்ந்து, நேராகவே கேளுங்கள்: 'உயிரை விடணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?' கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் பாரம் குறையும். புத்திமதி வேண்டாம், 'உனக்கு என்ன குறை' என்பது வேண்டவே வேண்டாம். தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து போன்றவற்றை வீட்டிலிருந்து அகற்றுங்கள். அன்றைக்கே டாக்டரிடமோ மனநல மருத்துவரிடமோ கூட்டிக்கொண்டு போங்கள். சொல்லாமல் இருக்கும் பிள்ளைகளும் உண்டு. பிடித்த விளையாட்டை விடுவது, நண்பர்களை ஒதுக்குவது, தூக்கமும் பசியும் மாறுவது, தன் சாமான்களை எடுத்து யார் யாருக்கோ கொடுப்பது, இதெல்லாம் இரண்டு வாரம் நீடித்தால் காத்திருக்காதீர்கள். சாமான்களைக் கொடுப்பதை மட்டும் பார்த்தாலும் அன்றைக்கே பேசிவிடுங்கள்.

பெற்றோர் கூட்டத்தில் டீச்சரிடம் என்ன கேட்பது?

மார்க்கைக் கேட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். மார்க் தாளில் இருப்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். தாளில் இல்லாததைக் கேளுங்கள். எங்கே உட்காருகிறான், அங்கிருந்து பலகை தெரிகிறதா? மத்தியானம் யாரோடு சாப்பிடுகிறான்? வெளியே போக அனுமதி கேட்கிறானா? புரியவில்லை என்றால் கை தூக்குகிறானா? போன மாதத்திலிருந்து ஏதாவது மாறியிருக்கிறதா? கடைசியாக எப்போது வாய்விட்டுச் சிரித்தான்? இந்தக் கடைசிக் கேள்வியை ஒரு அம்மா என்னிடம் கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. மறுநாள் காலையிலிருந்து அந்தப் பிள்ளையைப் பார்க்க ஆரம்பித்தேன்.